தீர்வு கண்ட துறைக்கு ஒரு நன்றிக் கடிதம்

கிருதுமால் நதிக்கு உரிய, உரியவையே அல்லாத அனைத்துத் துறைகளின் உயர் அதிகாரிகள் சமூகத்துக்கு,



போன மழைக்குக் கீரைத்துறையில் மகள் வீட்டுக்குள் புகுந்த கிருதுமால் சாக்கடையை நானும் மாப்பிள்ளையும் வாளியால் இறைத்துக்கொண்டிருந்தபோதுதான், நதியைப் பற்றி நான் கொடுத்திருந்த மனுவுக்குத் தங்கள் குறுஞ்செய்தி வந்தது: ‘தங்கள் மனுவுக்குத் தீர்வு காணப்பட்டது.’ சம்பந்தியம்மா சத்தமாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். தெருவே சிரித்தது.

தங்கள் அருமை அவர்களுக்கு எங்கே தெரியும்? பாகவதத்தில் சத்தியவிரத மன்னன் இந்த நதியில்தான் நீரை அள்ளினான் என்பார்கள் எங்கள் திருப்பரங்குன்றம் பக்கத்துப் பெரியவர்கள். கைக்குள் வந்த குட்டி மீன், கமண்டலத்தில் விட்டால் கமண்டலமளவு, குளத்தில் விட்டால் குளமளவு வளர்ந்ததாம். என் மனுவும் அந்த மீன்தான். ஒற்றைத் தாளாகக் கொடுத்தேன். கீழ்த்தளத்தில் கோப்பானது, மாடியில் கட்டானது, பக்கத்துத் துறையில் பீரோ கொள்ளவில்லை. குண்டாற்றில் கலந்து கடலுக்குப் போகவேண்டிய நதி பாலத்தடியில் கிடக்கிறது. மனு இந்நேரம் மன்னார் வளைகுடாவைத் தாண்டியிருக்கும்.

சத்தியவிரதன் இன்று எல்லீஸ் நகரில் கையை விட்டால் பிரியாணிப் பொட்டலம் வரும். கமண்டலத்தில் விட்டால் அதுவும் வளரும்.

2017இல் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமலிருக்கத் தெர்மாகோல் விரித்தார்கள். காற்று கரையில் ஒதுக்கிவிட்டது. கிருதுமாலுக்கு அந்தச் செலவே வேண்டாம். ஆகாயத்தாமரையும் குப்பையும் இலவசமாக மூடியிருக்கின்றன, எந்தக் காற்றுக்கும் அசையாது.

நாகமலையில் பெய்து துவரிமான் பக்கம் வரும்வரை அது தண்ணீர்தானே ஐயா? ஊருக்குள் வந்ததும் மலமாக்கியது யார்? யார் யார் குழாய் அதில் திறந்திருக்கிறது என்று தெருப்பிள்ளைக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாதா? கீழே நரிக்குடிப் பக்கத்துச் சம்சாரி இந்த ஆற்றை நம்பி நெல் போட்டுவிட்டு, வைகைத் தண்ணீரையாவது திறந்துவிடுங்கள் என்று வருஷா வருஷம் கெஞ்சுகிறான். வெட்கமாக இல்லையா?

மன்னிக்கவும். இரத்தக்கொதிப்பு மாத்திரை போடாத நாள்.

தீர்வை நேரில் பார்வையிடத் தாங்கள் எழுந்தருள வேண்டும். நதியின் இருபுறமும் கான்கிரீட் சுவர் எழுப்பிவிட்டதால் இறங்க வழியில்லை. மகள் வீட்டு ஏணியைத் தரச் சொல்லியிருக்கிறேன். பார்த்து முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வெள்ளையடிக்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
தீர்வு காணப்பட்ட மனுதாரர்