பத்தாயிரத்துக்கு மேல் பைசா கிடையாது

"மொத்தமே பத்தாயிரம்தான் சார்!" என்பார், ஸ்பீக்கர் செட்டைத் தானே செய்துகொள்ளும் நம் நண்பர். ஷோரூமில் ஒன்றரை லட்சம் சொல்லும் செட்டின் சத்தம் அவர் வீட்டு ஹாலில் வந்துவிட்டதாம். பொய் சொல்லும் ஆள் இல்லை, கணக்குப் போடும் முறைதான் வேறு. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய வூஃபர் பழைய சாமான், அதற்குக் கணக்கில்லை. சால்டரிங் அயர்ன் மூலதனம். புகைந்துபோன முதல் ஆம்ப்ளிஃபயர் போர்டு கல்விச் செலவு.

சந்தையில் அவரைப் பார்க்க வேண்டும். வூஃபரை மல்லாத்தி, இரண்டு கட்டைவிரலாலும் கோனைச் சமமாக அமுக்கி, காதை ஒட்டிவைத்துக் கேட்பார். உள்ளே காயில் உரசிக் 'கரகர' என்றால் மறுபேச்சில்லாமல் கீழே வைத்துவிடுவார். ஓரத்து ஃபோம் பொடிப்பொடியாய் உதிர்ந்திருந்தாலோ முகம் மலரும். விலையைப் பாதியாக்கிவிட்டு, புது ரிங் ஒட்டிக்கொள்ளலாம். ரிச்சி தெருவில் எல்எம்3886 ஐசியின் பதினோரு காலையும் எண்ணி, எழுத்தை நகத்தால் சுரண்டி அவர் பார்க்கிற பார்வையில், அது ஒரிஜினல்தானா என்று கடைக்காரருக்கே சந்தேகம் வந்துவிடும்.

செட் தயாரானதும் நமக்கு அழைப்பு வரும். இரண்டு பெட்டிக்கும் சம தூரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ட்வீட்டர் சரியாகக் காது உயரத்தில். 1986-இல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' ஓடும். முழுசாக ஓடாது. வயலின் எழும்பும் நேரம் பார்த்து நிறுத்தி, "வில்லு நரம்பைத் தொடுறது கேட்டுச்சா சார்?" என்பார். 'நல்லா இருக்கு' என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. பெண் பார்க்கப் போய் பஜ்ஜியைப் பாராட்டியதுபோல் ஆகிவிடும். மனிதக் காதின் எல்லை 20,000 ஹெர்ட்ஸ். வயதாக ஆக அந்த உச்சி தேய்ந்துகொண்டே வரும். ஐம்பதைத் தாண்டிய இவரோ 18,000 ஹெர்ட்ஸில் ஒரு குறை கண்டுபிடித்துத் தூக்கம் கெட்டிருக்கிறார்.

இப்போது குற்றவாளி அறை. மூலையில் பேஸ் குமுறுகிறதாம். சுவரில் முட்டை அட்டை ஒட்டுகிறவர்களைக் கண்டால் இவருக்கு இளக்காரம். அது பேஸை ஒன்றும் செய்யாது என்பதும் உண்மைதான். கனமான பஞ்சு வேண்டும். ஆகவே கல்யாணச் சீராக வந்த இலவம்பஞ்சு மெத்தைகள் மூலைக்கு ஒன்றாக நிற்கின்றன; குடும்பம் பாயில் படுக்கிறது. போன வாரம் ஊரிலிருந்து வந்த மாமனார், ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கேட்டார்:

"மாப்பிள்ளை, நான் குடுத்த மெத்தை எங்கே?"

"அசைச்சுடாதீங்க மாமா, பேஸ் பிடிச்சுக்கிட்டு இருக்கு."