மஞ்சள் முக்கோணத்தின் சமபந்தி

பெறுநர்: சுற்றுச்சூழல் சுகாதார அபாய மதிப்பீட்டு அலுவலகம், சாக்ரமெண்டோ, கலிஃபோர்னியா.

பொருள்: எச்சரிக்கைப் பலகைகளின் பற்றாக்குறை – நிவர்த்தி கோருதல் தொடர்பாக.

‘பிராப்பசிஷன் 65’ என்பது 1986-ல் கலிஃபோர்னியா வாக்காளர்கள் நேரடி வாக்கெடுப்பில் நிறைவேற்றிய சட்டம். புற்றுநோய், பிறவிக் குறைபாடு, இனப்பெருக்கக் கேடு ஆகியவற்றை உண்டாக்கும் என்று அரசு பட்டியலிட்ட பொருள் எதுவும் ஒருவர் மேல் படுமானால், அவரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்கிறது சட்டம். பட்டியலைக் காப்பது பெறுநர் அலுவலகத்தின் பொறுப்பு. அதில் சுமார் 900 பெயர்கள். ஈயம், ஆர்செனிக், கல்நார் உட்கார்ந்திருக்கும் அதே வரிசையில் மரத்தூளுக்கும், சீனமுறை உப்புக் கருவாட்டுக்கும், கற்றாழையின் முழு இலைச் சாற்றுக்கும் இலை போடப்பட்டிருக்கிறது. இப்படியொரு சமபந்தியை வேறு எந்த அரசும் நடத்தியதாகத் தெரியவில்லை.

எச்சரிக்கைக்கான வரம்பும் தாராளமானது. இனப்பெருக்கக் கேட்டைப் பொறுத்தவரை, தீங்கு எதுவும் தென்படாத அளவைக் கண்டறிந்து அதை 1000-ஆல் வகுக்க வேண்டும், கிடைப்பதுதான் எல்லை. 5 கிராம் உப்பால் கெடுதல் இல்லை என்று வைத்துக்கொண்டால், இந்தக் கணக்கின்படி 5 மில்லிகிராமைத் தாண்டியதுமே ஊறுகாய் ஜாடிக்கு எச்சரிக்கையின் மஞ்சள் முக்கோணம் ஒட்டியாக வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு, மீறல் ஒன்றுக்கு 2,500 டாலர் வரை அபராதம். வழக்கு போட அரசே வர வேண்டும் என்பதில்லை. தனி ஆளும் போடலாம். அபராதத்தில் கால் பங்கு அவருக்கு, வக்கீல் கட்டணம் தனி. வணிகர்கள் கணக்குத் தெரிந்தவர்கள். சோதனைக்கூடச் செலவைவிட ஸ்டிக்கர் மலிவு. ஆகவே மீன்தூண்டிலிலும் வாகன நிறுத்துமிடத்திலும் டிஸ்னிலாண்டு வாசலிலும் ஒரே எச்சரிக்கை வாசகம் நிற்கிறது. படித்தவர் யாரும் திரும்பிப் போனதாகத் தெரியவில்லை.

காப்பியின் கதை தனியாகச் சொல்லத் தக்கது. மாவுச்சத்துள்ள உணவை 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கும்போது, அதிலுள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் சர்க்கரையும் சேர்ந்து, பட்டியலில் உள்ள அக்ரிலமைடு உண்டாகிறது. உணவில் அது இருப்பதை ஸ்வீடன் விஞ்ஞானிகள் 2002-ல் அறிவித்தார்கள். வறுத்த காப்பிக்கொட்டையிலும் உண்டு, உருளைக்கிழங்கு வறுவலிலும் உண்டு; முறுகலான ரொட்டி ஓரமும் தப்பாது. பெரிய காப்பி நிறுவனங்கள் மீது 2010-ல் வழக்கு வந்தது. கோப்பையில் எச்சரிக்கை வேண்டும் என்று 2018 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலிஸ் நீதிபதி ஒருவர் தீர்ப்புச் சொன்னார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, காப்பி புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை, கல்லீரல் புற்றுநோய் அபாயம் காப்பி குடிப்பவர்களிடம் குறைவாகக்கூட இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு கூறியிருந்தது. கடைசியில் பெறுநர் அலுவலகமே 2019-ல் விதி எழுதிக் காப்பியை விடுவித்தது. ஒன்பது ஆண்டு வழக்காடிக் கண்டுபிடித்தது, காலையில் காப்பி குடிக்கலாம் என்பதை.

சட்டத்தால் நன்மையே இல்லை என்றால் பொய்யாகும். பிழை திருத்தும் வெள்ளைத் திரவத்திலிருந்து டிரைக்குளோரோஎத்திலீனும், பீங்கான் தட்டுகளிலும் தண்ணீர்க் குழாய்களிலும் இருந்து ஈயமும் குறைந்ததில் அதற்குப் பங்கு உண்டு. பலகை மாட்டுவதைவிடப் பொருளை மாற்றுவது மேல் என்று தயாரிப்பாளர் நினைத்த இடத்தில் சட்டம் வேலை செய்தது.

சமையலறைத் தொட்டிக்குக் கீழே அது வேலை செய்வதில்லை. அங்கே பிளீச் புட்டியும் கழிப்பறை கழுவும் ஆசிட்டும் தோளோடு தோள் நிற்கும். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். பிளீச்சோடு அம்மோனியா சேர்ந்தால் குளோரமீன். மூடிய குளியலறையில் நுரையீரலைக் கெடுக்கச் சில நிமிடங்கள் போதும். ஆனால் புற்றுநோய்க்கு ஆண்டுகள் ஆகும். இதற்கு நிமிடங்கள்தான் என்பதால், இது பிராப்பசிஷன் 65-ன் கணக்கில் வராது. ‘கலக்காதே’ என்ற வரியைப் புட்டியின் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் தேடிக்கொள்ள வேண்டும். அதேபோல, குழந்தை விழுங்கிய பொத்தான் பேட்டரி உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்தில் அரித்துவிடும். அதற்குத் தனியாக ஒரு மத்தியச் சட்டம் 2022-ல்தான் வந்தது.

ஆகவே கோரப்படுவது: முக்கோணத்தின் அருகே எவ்வளவு பொருள் இருக்கிறது, அது வாய் வழியா தோல் வழியா மூச்சு வழியா உடலுக்குள் போகிறது, தொட்டபின் கை கழுவினால் போதுமா என்று ஓரிரு வரி சேர்க்கப்பட வேண்டும். அது இயலாவிட்டால், விட்டுப்போன இடங்களிலாவது பலகை மாட்ட ஆவன செய்யப்பட வேண்டும். பத்துக்கும் குறைவான ஊழியர் உள்ள கடைக்குச் சட்டம் பொருந்தாது. ஒன்பது பேர் விற்கும் பொருளில் உள்ள ஈயம் அடக்கமானது போலும். அரசு அலுவலகங்களுக்கும் விலக்கு உண்டு. பெறுநர் அலுவலகமும் அவற்றுள் ஒன்று.