நடுவர் அவர்களே, மணி அடிக்காதீர்கள்!

*ஒரு தாய், தஞ்சாவூர்: பேச்சுப் போட்டிக்கு நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் வகுப்பு மகள் வீட்டில் வரி பிசகாமல் ஒப்பித்தாள். மேடையில் பாதியில் நின்றுவிட்டாள். ஏன்?*

அவள் மறந்தது உங்கள் பேச்சை. அந்த நான்கு பக்கத்தை நீங்கள் பார்க்காமல் சொல்வீர்களா? 1904-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் 29 வயது வின்ஸ்டன் சர்ச்சில், மனப்பாடம் செய்துவந்த உரையில் அடுத்த வரி கிடைக்காமல் தவித்து, அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு குறிப்புத் தாள்தான் அவருக்குத் துணை. மகளுக்கும் நான்கு பக்கத்துக்குப் பதில் நான்கு சொல் கொடுங்கள். இடைவெளியை அவளே நிரப்பட்டும். தப்பும் தவறுமாக வந்தாலும் அது அவள் பேச்சு.

*ஒரு தந்தை, தேனி: நாலு பேர் வந்தால் என் மகன் கதவுக்குப் பின்னால் ஒளிகிறான். இவன் எப்படித் தேறுவான்?*

1891-ல் லண்டனை விட்டுக் கிளம்பும் முன் சைவ உணவு நண்பர்களுக்கு விருந்து வைத்தார் ஓர் இளைஞர். சட்டப் படிப்பை முடித்தவர். நகைச்சுவையாகப் பேச யோசித்து வைத்திருந்தவருக்கு முதல் வாக்கியத்தைத் தாண்ட முடியவில்லை. நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். அவர் மோகன்தாஸ் காந்தி. அந்தக் கூச்சம்தான் சொல்லை அளந்து செலவழிக்கக் கற்றுத்தந்தது என்று பின்னாளில் எழுதினார். காந்தியும் சர்ச்சிலும் ஒத்துப்போன விஷயம் அபூர்வம். இது அதில் ஒன்று!

பையனை மேடைக்குத் தள்ளாதீர்கள். முதலில் கடைக்காரரிடம் அவனே சாமான் கேட்கட்டும்.

*ஓர் ஆசிரியை, விருத்தாசலம்: வகுப்பில் 40 பேர். பாடம் முடிக்கவே நேரமில்லை. பேச்சுப் பயிற்சிக்கு எங்கே போவது?*

நன்றாகப் பேசும் ஒரு பிள்ளையை எல்லாப் போட்டிக்கும் அனுப்பிவிட்டு, மீதி 39 பேருக்குக் கைதட்டப் பயிற்சி தருகிறோம். தினம் இரண்டு பேர், ஆளுக்கு ஒரு நிமிடம் என்று வையுங்கள். 20 நாளில் ஒரு சுற்று முடியும். தொடக்கப் பள்ளிக்குக் கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் 200 வேலை நாளில் ஒரு பிள்ளைக்குப் பத்து மேடை. அதே கணக்கில் பன்னிரண்டாம் வகுப்பு முடிவதற்குள் 120. ஒரு நாளைக்கு உங்களுக்குச் செலவு இரண்டு நிமிடம். வருகைப் பதிவேடு இதைவிட அதிகம் தின்கிறது.

*ஒரு தாத்தா, காரைக்குடி: எந்த வகுப்பில் எதைப் பேச வைக்கலாம்?*

ஒன்றாம் வகுப்பில் காலையில் தின்ற இட்லியைப் பற்றி. ஐந்தாம் வகுப்பில் பார்த்த சண்டையைப் பற்றி, இரண்டு பக்க நியாயத்தோடு. எட்டாம் வகுப்பில் பட்டிமன்றம். ஆனால் தனக்குப் பிடிக்காத அணியில். பத்துக்கு மேல், கேட்பவர் குறுக்குக் கேள்வி கேட்கட்டும். மதுவிலக்கு, உலக அமைதி இரண்டையும் ஒன்றாம் வகுப்பு தீர்த்துவைக்க வேண்டாம்.

*ஒரு நடுவர், மதுரை: 'முத்தான முதற்கண் வணக்கம்' சொல்லி முடிப்பதற்குள் முதல் மணி அடித்துவிடுகிறதே?*

வணக்கத்தை எழுதியது அப்பா, நடுப்பகுதி தமிழய்யா, முடிவு யூடியூப். பிள்ளைக்கு நீங்கள் அடிக்கும் மணிதான் விடுதலை.

*ஒரு மாணவி, சென்னை: ஆங்கிலத்தில் பேசினால்தான் மதிப்பு என்கிறார்களே?*

தம்பியோடு எந்த மொழியில் சண்டை போடுகிறாயோ, அதில் முதலில் பேசிப் பழகு. அந்தத் துணிச்சல் ஆங்கிலத்துக்கும் கூடவே வரும்.

*ஓர் அம்மா, திருநெல்வேலி: வீட்டில் வாயாடி, மேடையில் ஊமை. என்ன மாயம்?*

'எதிர்த்துப் பேசாதே', 'பெரியவங்க பேசும்போது குறுக்கே வராதே' என்று வருடம் முழுக்கச் சொன்னோம். மேடைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் பெரியவர்கள். பிள்ளை சொல்பேச்சு கேட்கிறது!

*ஒரு பாட்டி, ஈரோடு: பேத்தி திருக்குறள் ஒப்பித்தலில் முதல் பரிசு. நல்ல பேச்சாளர் ஆவாளா?*

குறளில் 'அவையஞ்சாமை' 73-வது அதிகாரம். 'சொல்வன்மை' 65-வது. இரண்டுக்கும் வெகு முன்னே 42-ல் இருப்பது 'கேள்வி'. இந்தப் பக்கத்துக்கு நீங்கள் அனுப்பும் கேள்வி அல்ல. காது கொடுத்துக் கேட்பது. அதை நீங்கள் தொடங்கிவையுங்கள். 'எந்தக் குறளை நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், ஏன்?' என்று பேத்தியிடம் கேட்டுவிட்டு, அவள் முடிக்கும்வரை திருத்தாமல் இருங்கள். அதற்குப் பரிசு கிடையாது. பேச்சு அங்கேதான் வரும்.