மேடையில் நின்றவர்கள்

1980களின் கடைசியில் சென்னையில் நான் வரையப் படித்த மாலை வகுப்பின் நடுவே ஓர் அடி உயர மர மேடை இருந்தது. அதைச் சுற்றி, இருபுறமும் கால் போட்டு உட்காரும் நீளமான பெஞ்சுகள். ஓவிய மாணவர்கள் அதை டாங்கி என்பார்கள். டிராயிங் போர்டை அதன் முன்சட்டத்தில் சாய்த்து, கிளிப் போட்டுத் தாளை மாட்டினால் வகுப்பு தொடங்கிவிடும். தாள் பெரும்பாலும் நியூஸ்பிரிண்ட். கையில் கரிக்குச்சி. அழிப்பதற்கு பிரெட்டின் நடுப்பகுதியை உருட்டி வைத்துக்கொள்வோம். ஒற்றி எடுத்தால் கரி அதோடு வந்துவிடும்.

இன்று ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் வரையும் குழுவில் பாதிப் பேர் ஐபேடு வைத்திருக்கிறார்கள். நேரம் பார்ப்பது கைபேசியின் வேலை. கரித்தூள் படிந்த விரல்கள் குறைந்துவிட்டன. வந்திருப்பவர்களில் ஐ.டி. ஊழியர்கள் உண்டு, அனிமேஷன் படிப்பவர்கள் உண்டு, பணி ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவரும் உண்டு. மேடைக்குப் பதில் தரையில் ஒரு ஜமுக்காளம்.

இத்தனை மாறியும் லைஃப் டிராயிங்கின் அடிப்படை அப்படியே இருக்கிறது. நடுவில் ஒருவர் நமக்காக அசையாமல் இருக்கிறார், மற்றவர்கள் அவரைப் பார்த்து வரைகிறார்கள். மனித உடலை வரைவது பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதியை அப்படி நின்றவர்களிடமிருந்துதான் கற்றேன். அதை அவர்களின் பங்காகச் சொல்லும் வழக்கம் நம்மிடம் இன்னும் வரவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அன்றைய வகுப்புக்கு அடிக்கடி வந்த மாடல் ஒரு பெரியவர். கொத்தவால் சாவடியில் மூட்டை தூக்கியவர். சந்தை அப்போது பிராட்வே பக்கம்தான் இருந்தது. கோயம்பேட்டுக்குப் போனது 1996இல். வயது ஏறி, தூக்க முடியாமல் போனதும் மாடலாக நிற்க வந்திருந்தார். கோவணத்தோடு மேடை ஏறுவார். வகுப்பெடுத்த சார் சாக்பீஸால் அவர் பாதங்களைச் சுற்றிக் கோடு போடுவார். இருபது நிமிடம் நின்றால் ஐந்து நிமிடம் ஓய்வு. ஓய்வு முடிந்து அந்தக் கோட்டுக்குள் கால் வைத்ததும் முதுகு, தோள், கழுத்து எல்லாம் தாமாகப் பழைய இடத்துக்கு வந்து சேரும். மறுநாள் வந்தாலும் அப்படித்தான். உடம்பு ஒரு நிலையை எப்படி ஞாபகம் வைத்திருக்கிறது என்பதை அவரிடம்தான் முதலில் பார்த்தேன்.

புதிதாக வரைய வருகிறவர்களின் தாளில் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிப் படம்தான் வரும். முகம் பெரிதாக இருக்கும், கண்ணுக்கு இமைமயிர் வரை இருக்கும், கால்கள் தாளுக்குள் அடங்காமல் முழங்காலோடு நின்றுவிடும். முகத்தைப் பார்த்தே மனிதர்களை அடையாளம் கண்டு பழகிய மனம், முகத்துக்குத் தேவைக்கு மேல் இடம் கொடுத்துவிடுகிறது. இதை மாற்றத்தான் அளவெடுப்பது. கையை முழங்கை மடங்காமல் நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியிலிருந்து கட்டைவிரல் வரை தலையின் உயரத்தைப் பிடித்து, அது உடம்பில் எத்தனை தடவை போகிறது என்று எண்ண வேண்டும். வளர்ந்த மனிதருக்கு ஏறக்குறைய ஏழரைத் தலை வரும். எண்ணிப் பார்த்த பிறகும் கண் நம்ப மறுக்கும்.

சார் அளவோடு விடமாட்டார். "எடை எங்க இறங்குதுன்னு பாரும்மா" என்பதுதான் அவர் ஓயாமல் சொன்னது. ஒற்றைக்காலில் எடை போட்டு நிற்பவரின் தொண்டைக்குழியிலிருந்து தூக்குக்குண்டு விட்டால், அது எடை தாங்கும் காலின் கணுக்கால் உள்பக்கத்தில் வந்து இறங்கும். அந்தப் பக்கத்து இடுப்பு மேலே ஏறும். அதே பக்கத்துத் தோள் கீழே சாயும். இந்த மூன்றும் தாளில் சரியாக வந்துவிட்டால் கண்ணும் மூக்கும் இல்லாமலே ஆள் நிற்பார். வராவிட்டால் எவ்வளவு ஷேடிங் போட்டாலும் விழுந்துகொண்டே இருப்பார்.

இதை விதியாகக் கேட்டு எழுதிக்கொண்டோம். பொருள் விளங்கியது ஒரு டீ இடைவேளையில். பெரியவர் என் போர்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூட்டைய முதுகுல ஏத்துனா ரெண்டு கால்லயும் ஒரே மாதிரி நிக்க முடியாது பாப்பா. ஒரு காலு தாங்கும், இன்னொன்னு சும்மா தொட்டுக்கினு இருக்கும். அப்புறம் மாத்திக்குவோம்." சொன்னதோடு நிற்காமல் செய்தும் காட்டினார். இல்லாத மூட்டை ஒன்றை ஏற்றி, இடுப்பை ஒருபுறம் உயர்த்தி, மெல்ல மறுபுறம் மாற்றினார். கிரேக்கச் சிற்பிகள் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் கல்லில் கொண்டுவந்த நிலையை, மூட்டை சுமந்த ஒருவர் தன் எலும்பில் வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிக் கூடத்துக்குப் போனபோது சிலைகள் வேறாகத் தெரிந்தன. நம் சிற்ப மரபுக்கு எழுதி வைத்த அளவு உண்டு. முக உயரத்தை ஒரு தாளம் என்று கொண்டு, அதைப் பன்னிரண்டு அங்குலமாகப் பிரிப்பார்கள். நவதாளம் என்றால் 108 அங்குலம். பெருந்தெய்வங்களுக்கான உத்தம தசதாளம் 124 அங்குலம். இது எந்த ஒரு மனிதரையும் எதிரே நிறுத்தி எடுத்த அளவில்லை. ஆனால் திருவெண்காட்டிலிருந்து வந்த சோழர் கால அர்த்தநாரீசுவரரின் முன் நின்றால், அந்த உடலின் மூன்று வளைவுகளுக்குள் எடை இறங்கும் வழி கண்ணுக்குத் தெரியும். இடுப்பு ஒரு பக்கம் வாங்கிக்கொள்ள, மார்பு எதிர்ப்பக்கம் விட்டுக்கொடுக்க, தலை நடுவுக்குத் திரும்புகிறது. அளவு சாத்திரத்திலிருந்து வந்திருக்கலாம். இந்த அசைவு, தெருவில் நிற்பவர்களையும் நடப்பவர்களையும் பார்த்துப் பழகிய கண்ணிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. இன்றும் வருடத்துக்கு ஒரு தடவையாவது போர்டை எடுத்துக்கொண்டு அங்கே போகிறேன்.

எங்கள் வகுப்பில் பெண்கள் குறைவு. மனித உடலைப் பார்த்து வரையும் உரிமைக்காகப் பெண்கள் எவ்வளவு காத்திருந்தார்கள் என்பதை நூலகத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். லண்டன் ராயல் அகாடமி 1768இல் தொடங்கியபோது நிறுவன உறுப்பினர்களில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்: ஆஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர். சில ஆண்டுகள் கழித்து யோஹன் ஜோஃபனி அந்த உறுப்பினர்களை லைஃப் வகுப்பில் ஒன்றுகூட்டி ஓவியம் தீட்டினார். அதில் ஆண்கள் எல்லோரும் மாடலைச் சுற்றி நிற்கிறார்கள். பெண்கள் இருவரும் சுவரில் மாட்டிய படங்களாக இருக்கிறார்கள். ஆடையில்லாத ஆண் இருக்கும் அறைக்குள் அவர்களை ஓவியத்தில்கூட விடவில்லை. அந்த அகாடமியின் பள்ளியில் பெண் மாணவிகள் லைஃப் வகுப்பில் உட்கார 1893 ஆகிவிட்டது. அப்போதும் மாடல் துணி சுற்றியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நம் பக்கத்தில் டி.கே. பத்மினி, கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக இருந்த காலத்தில் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து, பெண்ணுடலைப் பெண்ணின் கண்ணால் தீட்டிவிட்டு 1969இல் இளம்வயதிலேயே இறந்துபோனார். அவர் படங்களைப் பார்த்த பிறகு டாங்கியில் உட்காரும்போது முதுகு இன்னும் நிமிர்ந்தது.

எங்களுக்குப் பெண் மாடலாக வந்தவர் ஒரு சித்தாள். சேலையோடுதான் உட்காருவார். சேலை உடலை மறைக்கிறது என்று நினைப்பது வரையும் வரைதான். துணி எங்கோ ஒரு புள்ளியில் தொங்கித்தான் விழுகிறது. தோள்பட்டை, இடுப்பெலும்பு, முழங்கால் என்று அந்தப் புள்ளிகளைக் கண்டுபிடித்தால் மடிப்புகள் உள்ளே இருக்கும் உடம்பைச் சொல்லிவிடும். ஒருநாள் அந்த அக்கா எல்லாப் போர்டுகளையும் சுற்றிப் பார்த்தார். கொசுவத்துக்குக் கீழே முழங்கால் புடைத்திருந்ததை நாங்கள் எல்லோருமே வரைந்திருந்தோம். "முட்டி இவ்ளோ வீங்கியிருக்குதா?" என்று கேட்டுவிட்டுக் குனிந்து தொட்டுப் பார்த்துக்கொண்டார். எங்களுக்கு அது ஒரு நல்ல வடிவம். அவருக்கு மறுநாள் காலை சாரம் ஏற வேண்டிய கால். அன்றிலிருந்து இன்றுவரை, யார் எதிரே இருந்தாலும் வரைவதற்கு முன் ஒரு கேள்வி எனக்குள் எழுகிறது: இந்த உடம்பு என்ன வேலை செய்துவிட்டு வந்திருக்கிறது?

கலை வரலாற்றைத் திரும்பப் படித்தால் இந்தக் கேள்விக்குப் பதில்கள் நிறையக் கிடைக்கின்றன. ரோடானின் 'புனித யோவான்' சிற்பத்துக்கு நின்றவர் பின்யத்தெல்லி என்ற இத்தாலியக் குடியானவர். அதற்கு முன் மாடலாக நின்று பழகாதவர். இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் பதிய அவர் தன் இயல்பில் நின்றார், அந்த நிலைதான் சிற்பமானது. மானேயின் 'ஒலிம்பியா'வுக்குப் படுத்திருந்த விக்டோரின் முரான் தாமே ஓவியர். 1876இல் பாரிஸ் சலோன் கண்காட்சி அவர் படத்தை ஏற்றது. ரெனுவாரின் 'பூஜிவாலில் நடனம்' படத்தில் ஆடும் பெண்ணாக நின்ற சுசான் வலாடோன், மேடையிலிருந்தபடியே ஓவியர்களின் கையைக் கவனித்து வரையக் கற்றவர். டெகா அவர் கோட்டோவியங்களை விலைக்கு வாங்கினார். மேடையில் இருப்பவரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் என்பதற்கு அவரைவிடச் சாட்சி வேண்டாம்.

இப்போதைய இளைஞர்களுக்குக் கிடைக்கும் வசதிகளைப் பார்த்து நான் மகிழ்கிறேன். எலும்பையும் தசையையும் திரையில் எந்தக் கோணத்திலும் திருப்பிப் பார்க்கலாம். முப்பது விநாடிக்கு ஒரு நிலை மாறும் புகைப்படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2020இல் ஊரடங்கு வந்தபோது உலகம் முழுக்க லைஃப் வகுப்புகள் ஜூமுக்கு மாறின. மாடல்களுக்கு வருமானம் அடியோடு நிற்காமல் இருந்ததும் பல இடங்களில் அதனால்தான். சிற்றூரில் இருக்கும் ஒரு மாணவிக்கு நூலகமோ அருங்காட்சியகமோ எட்டாதபோது திரை எட்டுகிறது. இது சிறிய விஷயமில்லை.

ஆனாலும் புகைப்படத்துக்குக் களைப்புக் கிடையாது. அசையாமல் நிற்பவரின் கெண்டைக்கால் தசைகள், நடக்கும்போது செய்வதுபோல் ரத்தத்தை மேலே தள்ளுவதில்லை. ரத்தம் காலில் தேங்கும், தலை கிறுகிறுக்கும். அணிவகுப்பில் நிற்கும் சிப்பாய்கள் மயங்கி விழுவதும் இதனால்தான். மேடையில் நிற்பவர் இருபது நிமிடமும் இதோடு மல்லுக்கட்டுகிறார். பத்தாவது நிமிடத்தில் தோள் கொஞ்சம் இறங்கும். நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாமல் தாழும். மூச்சு வயிற்றிலிருந்து மார்புக்கு ஏறும். வரைகிறவர் இதையெல்லாம் பார்த்து எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவு செய்துகொண்டே இருக்கிறார். நேரில் வரைந்த நல்ல கோட்டோவியத்தில் ஒரு நொடி மட்டும் இருப்பதில்லை. இருபது நிமிட உழைப்பு முழுவதும் அதற்குள் இருக்கிறது. கேமராவின் ஒற்றைக் கண், அருகில் இருக்கும் பாதத்தைப் பெரிதாக்கித் தலையைச் சிறிதாக்கிவிடுவதும் உண்டு. அதைக்கூடக் கணக்கிட்டுத் திருத்திக்கொள்ளலாம். களைப்பைத் திருத்திச் சேர்க்க வழியில்லை.

மெரினா கடற்கரையில் உழைப்பாளர் சிலையைத் தாண்டும்போதெல்லாம் இந்த எண்ணம்தான் வரும். தேவிபிரசாத் ராய் சௌத்ரியின் படைப்பு, 1959இல் நிறுவப்பட்டது. பாறையைப் புரட்டும் நான்கு பேர். அந்த உடல்களுக்கு மாடலாக நின்றவர்கள் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த ஓவியக் கல்லூரியின் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் என்பது அந்த வட்டாரத்தில் தெரிந்த செய்தி. இல்லாத பாறையைத் தள்ளிக்கொண்டு அவர்கள் நின்ற நேரமும் உழைப்புதான். ஒவ்வொரு மே தினத்திலும் அந்தச் சிலையை நினைக்கிறோம், செய்தவரைப் பாராட்டுகிறோம். அதற்காக நின்ற இரண்டு பேரையும் அதே மூச்சில் சொன்னால் சிலைக்குப் பெருமை கூடும்.

அன்றைய வகுப்பின் வருகைப் பதிவேட்டில் எங்கள் பெயர்கள் இருந்தன. பெரியவருக்கும் அக்காவுக்கும் 'மாடல்' என்ற ஒரே வரி. இங்கே நானும் அவர்கள் பெயரை எழுதவில்லை. பெயரைப் போடுவதும் போடாததும் அவர்கள் விருப்பம். கேட்டுப் பெற வேண்டிய அந்தச் சம்மதத்தை இனிக் கேட்க முடியாத தூரத்தில் பெரியவர் இருக்கிறார்.

அதனால் கேட்க முடிகிறவர்களிடம் கேட்கத் தொடங்கியிருக்கிறோம். எங்கள் குழுவில் இப்போது சில விஷயங்கள் உறுதியாகிவிட்டன. மாடலின் கூலி வகுப்பு தொடங்கும் முன் கையில் போய்ச் சேர்ந்துவிடும். உடை மாற்றத் தனியிடம் உண்டு, மின்விசிறி முதலில் அவர் பக்கம் திரும்பும், ஓய்வு நேரத்தை அவரே சொல்வார். அவரைக் கேட்காமல் யாரும் கைபேசியில் படம் எடுப்பதில்லை. அடுத்த கண்காட்சியில், சம்மதித்தவர்களின் பெயர் ஒவ்வொரு படத்தின் கீழும் வரைந்தவரின் பெயரோடு, அதே அளவு எழுத்தில் இருக்கும். படம் விற்றால் அதில் ஒரு பங்கு அவர்களுக்கு. ஓவியக் கல்லூரிகளும் காலரிகளும் இதைச் செய்யலாம். பெரிய செலவு எதுவும் இல்லை; பெயர்ச்சீட்டில் இன்னொரு வரிக்கு இடம் விட்டால் போதும்.