யூனிட் கேட்பவர்

கி.மு. 4000இல் ஒரு குடியேறியையும் ஒரு தொழிலாளியையும் கையில் கொடுத்து, கி.பி. 2050 வரை ஒரு நாகரிகத்தை நடத்திக்காட்டுமாறு பணிக்கும் கணினி விளையாட்டான 'சிவிலைசேஷன் 3', ஃபிராக்ஸிஸ் நிறுவனத்தின் உருவாக்கத்தில் 2001ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் வரைபடத்தின்மேல் நகர்த்தப்படும் வீரன், குதிரைப்படை, கப்பல், பீரங்கி ஆகிய ஒவ்வொன்றும் 'யூனிட்' எனப்படும். விளையாட்டோடு ஒரு திருத்துக் கருவியும் வழங்கப்பட்டமையால், நிறுவனம் கொடுத்த உலகில் மனநிறைவு அடையாதவர்கள் தங்கள் விருப்பப்படி புதிய நாடுகளையும் போர்களையும் படைகளையும் சேர்க்கத் தொடங்கினர். வெளியார் செய்யும் இத்தகைய மாற்றத்துக்கு 'மாட்' என்று பெயர். கூலி வாங்காமல், அலுவலகம் முடிந்த இரவுகளிலும் விடுமுறை நாள்களிலும் இதைச் செய்வோரைச் சுற்றி ஒரு சமூகம் உருவாயிற்று. கொடுப்பவர் ஒருவர் தோன்றிய மறுகணமே கேட்பவர் பத்துப் பேர் தோன்றிவிடுவர் என்னும் உலக வழக்குக்கு அச்சமூகமும் விலக்கன்று. இங்கு ஆராயப்படுபவர் அந்தக் கேட்பவர்.

கேட்பவரை யாசகர் என்று எண்ணுவது பிழை. யாசகருக்குக் கிடைத்தது போதும். இவருக்கோ கேட்டதுதான் வேண்டும். இவர் பெரும்பாலும் வரலாற்றில், அதிலும் சீருடைகளில், ஆழ்ந்த படிப்புடையவர். முதல் உலகப் போரைப் பற்றிய 'சினாரியோ' ஒன்று, அதாவது குறிப்பிட்ட ஒரு காலத்தையும் களத்தையும் மட்டும் ஆடுவதற்கான தனி அமைப்பு, தம் கையில் உருவாகிவருவதாக இவர் அறிவிப்பார். அதற்குப் பிரெஞ்சுக் காலாட்படை வீரன் ஒருவன் தேவை. ஏற்கெனவே ஒருவர் செய்துவைத்த பிரெஞ்சு வீரன் இருக்கிறானே என்று எவரேனும் சுட்டிக்காட்டினால், அவன் உடுத்தியிருப்பது 1915இல் வந்த வெளிர்நீலச் சீருடை என்றும், தமது போர் தொடங்குவது 1914 ஆகஸ்டில் என்றும், அப்போது அந்தப் படை சிவப்புக் காற்சட்டையோடுதான் களமிறங்கியது என்றும் மூன்று பத்திகளில் விளக்கம் வரும். அந்த விளக்கத்தில் பிழை ஏதும் இராது என்பதே இவரால் நேரும் பெரிய தொல்லை.

வேண்டுகோளின் நடைக்கும் ஒரு மரபு உண்டு. 'நேரம் கிடைக்கும்போது பார்த்தால் போதும், அவசரமே இல்லை' என்று தொடங்கி, 'சின்ன வேலைதான்' என்று நடுவில் தொட்டு, 'சனிக்கிழமைக்குள் முடியுமா?' என்று அது முடியும். தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கையில் துணியை நீட்டி, காலரை மட்டும் சற்று மாற்றித் தைத்தால் போதும் என்பவரைக் கண்ட தையற்காரருக்கு இந்த நடை புதிதன்று. தையற்காரர் கூலியாவது வாங்குகிறார்.

அந்தச் சின்ன வேலையின் அளவு கணக்கிட்டுப் பார்க்கத் தக்கது. இவ்விளையாட்டில் ஒரு யூனிட் எட்டுத் திசைகளில் நகரும். ஆகவே நிற்பது, ஓடுவது, தாக்குவது, அரண் செய்து நிலைகொள்வது, சாவது, வேலையின்றி நிற்கையில் சலிப்பில் உடலை அசைப்பது ஆகிய ஒவ்வொரு செயலும் எட்டுத் திசைகளுக்கும் தனித்தனியே படமாக்கப்பட வேண்டும். திசைக்குப் பதினைந்து சட்டகம் என்று வைத்துக்கொண்டால் ஒரு செயலுக்கு 120 படங்கள், ஆறு செயல்களுக்கு 720. செய்பவர் போஸர், பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருளில் ஆளை நிறுத்தி, உடுத்தி, துப்பாக்கியைக் கையில் பொருத்தி, பொருத்திய துப்பாக்கி ஓடும்போது தொடைக்குள் புகுந்து மறுபக்கம் வெளிவருவதைக் கண்டு மறுபடியும் பொருத்தி, எல்லாம் முடிந்த பிறகு ஃபிளிக்ஸ்டர் என்னும் கருவியால் படங்களை அனிமேஷன் கோப்புகளாகக் கோக்கிறார். அக்கோப்பில் 256 நிறங்களுக்கு மட்டுமே இடம். அவற்றிலும் ஒரு பகுதி, யூனிட் எந்த நாட்டின் கையில் இருக்கிறதோ அந்நாட்டின் நிறமாகத் தானே மாறிக்கொள்வதற்கும், இன்னொரு பகுதி நிழலுக்கும் புகைக்கும் ஒதுக்கப்பட்டவை. கேட்பவரின் சிவப்பு தவறிப்போய் நாட்டு நிறப் பகுதியில் விழுந்துவிட்டால், அந்தக் காற்சட்டை யார் பக்கம் போகிறதோ அவர்கள் நிறத்துக்கு மாறிவிடும். அரசியலில் இது வியப்புக்குரியதன்று எனினும், சீருடைப் புலவர் இதனைப் பொறுக்கமாட்டார்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்யப்படும் வீரன் திரையில் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியவன். அவன் முகத்தில் மூக்குக்கு ஒரு பிக்சல் கிடைத்தால் அது தாராளம். ஆயினும் கையோரப் பொத்தான்கள் எத்தனை என்பதைக் கேட்பவர் குறிப்பிடத் தவறுவதில்லை. போலந்து நாட்டின் சிறகுக் குதிரைவீரர்களைக் கேட்கும் கிளையினர் இவ்வகையில் தலைசிறந்தவர்கள். 1683இல் வியன்னாவை முற்றுகையிட்டிருந்த துருக்கியப் படைமேல் பாய்ந்த அவ்வீரர்கள், மரச்சட்டத்தில் இறகுகளைச் செருகிய சிறகுகளை உடையவர்களாக ஓவியங்களில் காணப்படுகின்றனர். அச்சிறகு சேணத்தில் பொருத்தப்பட்டதா முதுகுக் கவசத்திலா, ஒன்றா இரண்டா, போரில் அணிந்தார்களா ஊர்வலத்தில் மட்டும் அணிந்தார்களா என்பன அறிஞர்களிடையே வழக்காடப்படும் கேள்விகள். கேட்பவர் அவ்வழக்கை முழுவதும் எடுத்துரைத்துத் தீர்ப்பும் வழங்கிவிட்டு, நூற்றாண்டுக்கு ஒன்றாக இரண்டு வகை யூனிட்கள் இருப்பதே முறை என்று முடிப்பார். ஒரு யூனிட் கேட்கப் புகுந்தவர் இரண்டோடு வெளியேறுவது இவ்வாறே.

நடந்த வரலாற்றையாவது கேட்பவர் இவர்; நடவாத வரலாற்றைக் கேட்பவர் இன்னொருவர். 1942இல் ஜெர்மனியில் ஆயிரம் டன் எடையுள்ள 'ராட்டே' என்னும் டாங்கி ஒன்று, போர்க்கப்பலுக்கு உரிய பீரங்கிகளோடு திட்டமிடப்பட்டு, அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. ஒரு வல்லரசின் இரும்பாலைகளும் பொறியாளர்களும் போர்க்கால நிதியும் சேர்ந்து செய்து முடிக்காத அந்த வாகனத்தை, பகலில் வேறு வேலை பார்க்கும் ஒரு தனிமனிதர் ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்து தருவார் என்று இந்த இரண்டாமவர் மெய்யாகவே நம்புகிறார். நியாயத்துக்காகச் சொல்ல வேண்டுமெனில், இவர் கேட்பதே கிடைப்பதற்கு எளிது: டாங்கிக்கு முழங்காலும் முழங்கையும் இல்லை.

இனி, வேண்டுகோள்கள் எவ்வாறு நிறைவேறுகின்றன என்பது. பணம் புழங்காத இச்சமூகத்தில் விலை என்பது செய்பவரின் உள்ளரிப்பே. 'யாராவது செய்து தாருங்கள்' என்று பொதுவாக விடுக்கப்படும் குரல், பந்தியில் யாருக்கோ சாம்பார் வேண்டும் என்று காற்றில் சொன்னது போல, எவர் காதிலும் விழாது. முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் என்று மூன்று தெளிவான படங்களைத் தேடிப்பிடித்துக் கொடுப்பவருக்குப் பாதி வேலை முடிந்தாயிற்று. செய்பவர் முன்பு செய்த ஒரு யூனிட்டின் தலையையும் தொப்பியையும் மாற்றினாலே போதுமென்று கண்டுபிடித்துச் சொல்பவருக்கு முக்கால் பங்கு முடிந்தாயிற்று. இவர்கள் எல்லாரையும் விஞ்சியவர் எதையும் கேட்காதவர். அவர், சிறகுகள் குதிரையின் ஓட்டத்துக்கேற்ப அதிர்வது போன்ற அனிமேஷன் இவ்விளையாட்டில் முடியாத காரியம் என்று பெருமூச்சோடு ஒரு வரி சொல்லிவிட்டுப் போய்விடுவார். மூன்றாம் நாள் சிறகு அதிரும்.

பெரும்பாலோர் அத்தகைய தேர்ச்சி இல்லாமையால் காத்திருக்கின்றனர். முதல் வாரம் நினைவூட்டல் இல்லை. இரண்டாம் வாரம் 'தொந்தரவு செய்ய வரவில்லை' என்னும் தொடரோடு தொந்தரவு தொடங்கும். மூன்றாம் வாரத்தில் செய்பவரின் பிற யூனிட்களைப் பற்றிய புகழுரை பெருகும். அப்புகழுரை ஒவ்வொன்றிலும் எங்கேனும் ஓர் ஓரத்தில் சிவப்புக் காற்சட்டை தலைகாட்டும். இதற்கிடையில் செய்பவருக்குக் குழந்தை பிறக்கலாம், வேலை மாறலாம், கணினி பழுதாகலாம். ஓட்டமும் சாவும் முடிந்து தாக்குதல் மட்டும் முடியாமல், சாகத் தெரிந்த ஆனால் சண்டையிடத் தெரியாத வீரர்கள் இவ்வாறு பல வன்தட்டுகளில் உறங்குகின்றனர்.

எனினும் ஒருநாள் யூனிட் வந்துசேரும். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்னும் பழமொழி தானமாக வந்த 'மாட்'டுக்கும் பொருந்தும் என்பதைக் கேட்பவர் அறியார். அவரது முதல் மறுமொழி நன்றி. இரண்டாவது, அந்த யூனிட்டால் தமது விளையாட்டே திறக்கவில்லை என்னும் முறையீடு. இதன் காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றே. புதிய யூனிட்டின் பெயரைப் 'பீடியாஐகான்ஸ்' என்னும் உரைக்கோப்பில் உரிய முன்னொட்டோடு எழுத வேண்டும். அங்கே ஓர் எழுத்தோ ஓர் அடிக்கோடோ பிசகினால், பதிவு காணப்படவில்லை என்று ஒரு வரி காட்டிவிட்டு விளையாட்டு தன் கடையை மூடிவிடும். 1914 ஆகஸ்டை நாள்வாரியாக அறிந்தவருக்கு, தாம் விட்ட அடிக்கோட்டைக் கண்டுபிடிக்க நான்கு நாள் ஆகும். அந்த நான்கு நாளும் குற்றவாளி செய்பவரே.

ஐந்தாம் நாள் வீரன் திரையில் ஓடுகிறான். காற்சட்டை சிவப்பாக இருக்கிறது. கேட்பவர் கண்கலங்காத குறையாக மகிழ்ந்து, அவனை ஆயிரக்கணக்கான யூனிட்கள் அடுக்கிய ஒரு கோப்புறையில் பத்திரப்படுத்துகிறார். அவர் சொன்ன சினாரியோவுக்கு இன்னும் வரைபடம் இல்லை. எருமை வாங்கும் முன்னே நெய்விலை பேசியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இவர் நெய்யையே பெற்று உறியில் ஏற்றிவிட்டார். செய்பவர் யூனிட்டைப் பொதுவில் வைத்திருந்தமையால், எதையும் கேட்டிராத வேறொருவர் அதனை எடுத்துச் சென்று, பறக்கும் டிராகன்களும் மந்திரவாதிகளும் நிறைந்த தமது மாட்டில் அரண்மனைக் காவலனாக நிறுத்துகிறார். அங்கே அவன் நாள்தோறும் உழைக்கிறான். அதனைக் காணும் கேட்பவர், 1886ஆம் ஆண்டு மாதிரியான லெபெல் துப்பாக்கி டிராகன் நாட்டுக்கு எவ்வழியாக வந்தது என்று விளக்கம் கோரி, மூன்று பத்திகளில் எழுதுகிறார்.