நாளைக்குப் பாப்பம்: தீவகத்தாரின் பணவிவகாரத் தாமதம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

யாழ்ப்பாணத் தீவகத்தைப் பற்றி எழுதப் புகுந்த வித்துவான்கள், நெடுந்தீவின் மட்டக் குதிரைகளையும் பெருக்கு மரத்தையும், ஊர்காவற்றுறைக்கு அண்மையில் கடல் நடுவே நிற்கும் ஒல்லாந்தர் கோட்டையையும் விஸ்தாரமாக வர்ணித்திருக்கிறார்களேயன்றி, அடைவுச் சீட்டை அலுமாரியில் பத்திரமாக வைத்துவிட்டு, வட்டி ஏறுவதை நன்கறிந்தும், நகையை மீட்க நாள் பார்த்துக்கொண்டேயிருக்கும் தீவக மாந்தரின் அரிய சுபாவத்தைச் சாஸ்திரீயமாக ஆராய்ந்தாரை நான் கண்டிலேன். சைவ சித்தாந்தம் பயின்ற நாடாதலின், முதலிற் பூர்வபட்சம் கூறி, அதை மறுத்து, பின்னர் சித்தாந்தம் காண்பதே முறையாகும்.

கடலே காரணம் என்பது பூர்வபட்சம். "காத்து ஒருக்கா அடங்கட்டும், போவம்" என்பது இப்பட்சத்தாரின் மூலவாக்கியம். ஐப்பசி முதல் தை வரை வாடை. மாசி பங்குனியில் கச்சதீவு அந்தோனியார் திருவிழா. வைகாசி முதற் சோளகம். ஆனியிலோ நயினை நாகபூஷணி அம்மனுக்குத் திருவிழா, அந்நாட்களில் அடைவுக் கணக்கை எடுப்பது அபசாரம். இவையெல்லாம் போக, குறிகட்டுவான் இறங்குதுறையில் இறங்கி வங்கி வாசலை மிதிப்பதற்கு உகந்ததாகப் பஞ்சாங்கத்தில் எஞ்சுவது சித்திரையிற் சில தினங்களே. அவையும் வெயிலென்று கழிக்கப்படும். கேட்பதற்கு இனிய வாதந்தான். ஆனால் அதே சோளகத்தில், அதே படகில், யாழ்ப்பாணப் பட்டினத்துக் கலியாண வீட்டுக்குக் குடும்ப சமேதராய்ப் போய் வருவோரை நோக்குமிடத்து, காற்றானது பிரயாணத்தின் நோக்கமறிந்து வீசுகின்றது என்றல்லவா அனுமானிக்க வேண்டியிருக்கிறது!

இனி மறுப்பு. இதற்கான பரிசோதனையைப் பொறியியலாளரே நமக்கு நடத்தித் தந்திருக்கின்றனர். ஒல்லாந்தர் லைடன் என்றழைத்த வேலணைத் தீவு, ஊர்காவற்றுறை உட்பட, பண்ணைத் தாம்போதியாற் பட்டினத்தோடு பிணைக்கப்பட்டது. புங்குடுதீவு வாணர் பாலத்தால் வேலணையோடு பிணைக்கப்பட்டது. நெடுந்தீவும் நயினாதீவும் இன்றளவும் படகையே நம்பியிருக்கின்றன. கடல்தான் காரணமாயின், பஸ்ஸிலே பட்டினம் போகவல்ல ஊர்காவற்றுறையாரின் அடைவுகள் யாவும் தவணைக்கு முன்னரே மீண்டிருத்தல் வேண்டும். நான் கண்டதோ நேர்மாறு. நெடுந்தீவார் ஒருநாட் படகேறினால், காகிதங்களைக் கட்டாகக் கட்டிக்கொண்டுபோய், வங்கியையும் கச்சேரியையும் நொத்தாரிசையும் ஒரே மூச்சில் முடித்துக்கொண்டு கடைசிப் படகுக்குத் திரும்புகிறார். ஊர்காவற்றுறையாருக்கோ பஸ் நாள்தோறும் ஓடுவதால், இன்றைக்கே போகவேண்டிய அவசியம் என்றைக்குமே உண்டாவதில்லை. அன்றியும், 1885இல் தோன்றிய தபாற்கந்தோர்ச் சேமிப்பு வங்கியும், 1972இல் அதனைத் தன்னுள் அடக்கிக்கொண்ட தேசிய சேமிப்பு வங்கியும் தபாற்கந்தோர் வாயிலாகவும் காசை ஏற்று வந்தமையால், சேமிப்பதற்குக் கடல் கடக்க வேண்டும் என்னும் வாதமும் நில்லாது.

கணக்கறியாமைதான் காரணமோ எனின், அதுவுமன்று. கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் சுருட்டுக்கடையும் சாப்பாட்டுக்கடையும் வைத்துப் பெயரெடுத்தவர்கள் தீவகத்தார். கடையிற் சதம் பிசகினால் உறங்காதவர், ஊருக்கு வந்ததும் காணி உறுதியையும் வங்கிப் புத்தகத்தையும் அடைவுச் சீட்டையும் ஒரே பிஸ்கட் தகரத்துள் அடக்கம் செய்துவிடுகிறார். கடையிலே கணக்குக் கேட்கப் பங்காளி இருந்தான், வீட்டிலே கேட்பாரில்லை. ஆகவே, கேட்பாரில்லாதவிடத்துக் கணக்கு நடவாது என்பதே சித்தாந்தம். கொடுத்த கடனுக்கும் இது பொருந்தும். 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, எழுத்தில்லாத கடனுக்கு மூன்று வருஷத்துள்ளும் எழுத்துக் கடனுக்கு ஆறு வருஷத்துள்ளும் வழக்கு வைத்தல் வேண்டும். "கேட்டால் என்ன நினைப்பாரோ" என்று கூசியிருப்பவரின் காசு, அக்கூச்சம் தெளியுமுன்னரே வழக்குக்கு எட்டாத தூரம் போய்விடுகிறது.

பரிகாரமாக நான் கண்டது அயலார் கூடிக் கட்டும் மாதச் சீட்டு ஒன்றுதான். மாதந் தவறாமற் படலையில் வந்து நின்று, "அண்ணை, சீட்டுக்காசு" என்று ஒழுங்கை கேட்கக் கூப்பிடும் பெண்மணியிடம் வாடை, சோளகம் எதுவும் செல்லாது. வங்கிக்கு ஒருபோதும் நேரமில்லாதவர், அவருக்காக முதல்நாளே காசை எண்ணி வைத்திருக்கிறார். இதினின்றும், அயல்வீட்டார் இருவர் தத்தம் அடைவுச் சீட்டுக்களை மாற்றிக்கொண்டு, ஒருவர் தவணையை மற்றவர் கேட்டு வருவதாக ஏற்பாடு செய்துகொண்டால், தீவகத்தின் நகைகளெல்லாம் ஒரு வருஷத்துள் வீடு திரும்பும் என்று ஊகித்து, அந்த யோசனையைப் பல வீடுகளில் எடுத்துரைத்தேன். ஒருவரும் ஏற்றிலர். சீட்டுக் கட்டுவது ஊரறியச் செய்யும் காரியம். அடைவு வைத்ததோ அயலறியாமற் செய்தது. அந்த இரகசியத்தின் விலையோடு ஒப்பிட்டால் வங்கி வட்டி மலிவு என்பதே அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கை மட்டும் அவர்கள் ஒருநாளும் ஒத்திப்போட்டதில்லை.