ஷூவுக்கு விசா தேவையில்லை

அனுப்புநர்:
தோல் தொழில்நுட்பப் பட்டதாரி ஒருவன்,
அணைக்கட்டு, வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
மாண்புமிகு விசா அதிகாரி அவர்கள்,
பெயரைச் சொல்லி வம்பை வளர்க்க விரும்பாத ஒரு நாட்டின் துணைத் தூதரகம்.

பொருள்: மூன்று மாதப் பயிற்சிக்கு விசா மறுத்தமைக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

பார்வை: தாங்கள் அனுப்பிய அச்சடித்த படிவமும் அதில் போட்ட ஒற்றை டிக்கும்.

பெருந்தகையீர்,

தங்கள் கடிதம் கூரியரில் வந்து சேர்ந்தது. கடிதம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஏற்கெனவே அச்சடித்து வைத்த காரணங்களின் பட்டியல் அது. அதில் ஒரு கட்டத்துக்குள் மட்டும் டிக். விசா காலம் முடிவதற்குள் விண்ணப்பதாரர் நாட்டைவிட்டு வெளியேறுவாரா என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறதாம். என்னை நேரில் பார்க்காமல், ஒரு கேள்வி கேட்காமல், மூன்று மாதம் கழித்து என் மனசில் என்ன ஓடும் என்பதைத் தாங்கள் கண்டறிந்துவிட்டீர்கள். எங்கள் பக்கத்தில் குறி சொல்பவர்கூட வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு, முகத்தைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார். தங்கள் ஞானத்துக்கு என் முதல் வணக்கம்.

அன்றைக்கு அம்மா வீடு வர ராத்திரி பத்து மணி ஆகிவிட்டது. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறார். அது ஷிப்மென்ட் வாரம். ஓ.டி. முடிந்தால்தான் கம்பெனி பஸ் கிளம்பும். எந்த நாட்டுக்குச் சரக்கு என்று கேட்டேன். தங்கள் நாட்டுக்குத்தான். படிவத்தில் இருப்பதைப் படித்துச் சொன்னேன். அம்மா கேட்டார்: "இன்னாடா இது, நான் தெச்சத அனுப்பினா வாங்கிக்கிறாங்க, நான் பெத்தத அனுப்பினா வேணாங்கறாங்க?"

நாலு வருஷப் படிப்பில் இதற்கு விடை சொல்லித்தரவில்லை. ஆகவே தங்களிடமே கேட்கிறேன். அந்த ஷூவிடம் திரும்பி வருவாயா என்று தாங்கள் கேட்டீர்களா?

கேட்டிருக்க மாட்டீர்கள். யோசித்துப் பாருங்கள். ஷூவுக்கு இங்கே சொத்து கிடையாது. கிளம்பும்போதே ஜோடியாகக் கிளம்புகிறது. துணையை ஊரில் விட்டுவிட்டு வருகிற பயணிதான் திரும்பிப் போவான் என்பது தங்கள் துறையின் நம்பிக்கை. அந்தக் கணக்குப்படி ஷூவைவிடச் சந்தேகத்துக்குரிய பயணி உலகத்தில் இல்லை. ரிட்டர்ன் டிக்கெட் இல்லை, தங்குமிடத்துக்கு அத்தாட்சி இல்லை, மருத்துவக் காப்பீடு இல்லை. குறை கண்டு திருப்பி அனுப்பப்பட்டவை நீங்கலாக, எந்த ஷூவும் ஆம்பூருக்குத் திரும்பி வந்து தைத்தவரை நலம் விசாரித்ததில்லை. ஆனாலும் கன்டெய்னர் கன்டெய்னராக அனுமதி. 2023-24ஆம் நிதியாண்டில் இந்தியாவிலிருந்து வெளியே போன தோல், தோல்பொருள், காலணிகளின் மதிப்பு சுமார் 4.7 பில்லியன் டாலர். அமெரிக்கா, ஜெர்மனி, பிரிட்டன், இத்தாலி, பிரான்ஸ் எல்லாம் பெரிய வாடிக்கையாளர்கள். அதில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டையின் கைவேலை எவ்வளவு என்பது தங்கள் காலைக் கேட்டால் தெரியும்.

ஷூவைச் சோதிக்காமல் விடுகிறார்கள் என்று சொன்னால் பாவம் வரும். தோலில் பூசணம் பிடிக்காமல் இருக்கப் போடும் பென்டாகுளோரோஃபீனாலை 1989இல் ஜெர்மனி தடை செய்தது. எங்கள் தோல் ஷாப்புகள் மருந்தை மாற்றின. அடுத்து அசோ சாயங்களில் சிலவற்றுக்குத் தடை வந்தது. சாயத்தையும் மாற்றின. 2015 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில், ஒரு கிலோ தோலில் குரோமியம்-6 என்பது 3 மில்லிகிராமைத் தொடக் கூடாது. அதையும் கற்றுக்கொண்டு, லேபில் சான்று வாங்கி அனுப்புகிறார்கள். கறாரான சட்டம்தான், ஆனால் எண் போட்டுச் சொன்ன சட்டம். தேறாத தோல் ஏன் தேறவில்லை என்று தெரிந்துகொள்ளும், அடுத்த லாட்டில் சரிசெய்துகொள்ளும். எனக்கும் அப்படி ஓர் எண் சொல்லுங்கள், பெருந்தகையீர். திரும்பி வரும் எண்ணம் ஒரு கிலோ மனிதனுக்கு எத்தனை மில்லிகிராம் இருக்க வேண்டும்? வேலூரிலேயே லேப் இருந்தால் காலையில் வெறும் வயிற்றோடு போய்ச் சோதித்துக்கொள்கிறேன்.

தாயகத்தோடு பிணைப்பு இருப்பதற்குச் சான்று கேட்டீர்கள். தேடினேன். பட்டா இல்லை. தாத்தா கட்டிய வீடு நத்தம் புறம்போக்கில் நிற்கிறது. மனைவி இல்லை. விசாவுக்காகப் பெண் பார்க்கச் சொன்னால் பாட்டி சந்தோஷமாகச் சம்மதிப்பார், பெண் வீட்டார் சம்மதிக்க வேண்டுமே. வேலை இல்லை. வேலை இருந்தால் பயிற்சிக்கு ஏன் மனுப் போடுகிறேன்? என்னிடம் இருப்பது கல்விக் கடன். அதற்கு அப்பா ஜாமீன். நான் அங்கேயே தங்கிவிட்டால் இங்கே எங்கள் வாசலில் ஆள் வந்து நிற்பார், தெருவே பார்க்கும். இதைவிட இறுக்கமான முடிச்சு எந்த நிலப் பத்திரத்தில் இருக்கிறது? கடன் பத்திரத்தின் நகலை இணைத்தேன். வருமானச் சான்றுகளின் கூட்டத்தில் அது உங்களுக்குப் பாரமாகத் தெரிந்ததோ, பிணைப்பாகத் தெரிந்ததோ, படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பேலன்ஸ் காட்டுவது தனிக் காண்டம். அம்மா போட்ட ஏலச்சீட்டை முன்கூட்டியே தள்ளி எடுத்து, கழிவு போக வந்ததைக் கணக்கில் போட்டோம். திடீரென்று பணம் ஏறியிருக்கிறதே என்று விண்ணப்ப மையத்தின் கவுன்டரில் இருந்தவர் உதட்டைப் பிதுக்கினார். எங்கள் ஊரில் பணம் திடீரென்றுதான் ஏறும், ஐயா. மெதுவாக ஏறும் பணம் உள்ளவர்கள் மூன்று மாதப் பயிற்சிக்கு அலைவதில்லை, விடுமுறைக்குப் போகிறார்கள்.

தங்களை மட்டும் புகழ்ந்தால் மற்ற நாடுகள் வருத்தப்படும். பிரிட்டன் 2023 முதல் இந்தியப் பட்டதாரிகளுக்கு ஒரு திட்டம் வைத்திருக்கிறது. 18 முதல் 30 வயது, இரண்டு வருஷம் தங்கி வேலை பார்க்கலாம், கையில் 2,530 பவுண்டு காட்ட வேண்டும், வருஷத்துக்கு 3,000 பேர். யாரை எடுப்பது என்று குலுக்கல் முறையில் தீர்மானிக்கிறார்கள். ஆஸ்திரேலியா 2024 அக்டோபரில் வேலையும் விடுமுறையும் சேர்ந்த விசாவுக்குக் குலுக்கலைத் திறந்தது. இந்தியர்களுக்கு 1,000 இடம், பெயர் கொடுக்க 25 ஆஸ்திரேலிய டாலர். சுமார் 40,000 பேர் பெயர் கொடுத்தார்கள். பெருக்கினால் பத்து லட்சம் டாலர். தமிழ்நாட்டில் 2003லேயே லாட்டரிச் சீட்டை ஒழித்துவிட்டோம், ஏழைகள் கூலிக் காசைத் தொலைக்கிறார்கள் என்று. எங்கள் ஏலச்சீட்டிலாவது கடைசி ஆளுக்குக் கழிவில்லாமல் முழுத்தொகை கிடைக்கும். அந்த 40,000 பேரில் கடைசி ஆளுக்கு ஒரு மின்னஞ்சல் கிடைத்திருக்கும்.

அதே ஆஸ்திரேலியாவில் இளம் பட்டதாரிகளுக்கு இன்னொரு திட்டமும் இருக்கிறது, வருஷத்துக்கு 3,000 பேர். ஆனால் மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் முதல் நூறு பல்கலைக்கழகங்களில் ஒன்றில் படித்திருக்க வேண்டும். துறைகளின் பட்டியலில் சுரங்கம் இருக்கிறது, செயற்கை நுண்ணறிவு இருக்கிறது, தோல் இல்லை. அந்த நூறுக்குள் வரும் பல்கலைக்கழகம் ஒன்று வேலூரிலேயே இருக்கிறது. அதன் மதிலை ஒட்டித்தான் எங்கள் பஸ் போகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்ததற்குச் சான்றிதழ் தருவதில்லை. ஜெர்மனிக்குப் படிக்கப் போகலாம் என்றால் ஒரு வருஷச் செலவுக்கு 11,904 யூரோ முடக்கு கணக்கில் போட வேண்டும். பதினோரு லட்சம் ரூபாய்க்கு மேல். அது இருந்தால் அணைக்கட்டிலேயே நான் ஒரு ஜாப் ஒர்க் யூனிட் ஆரம்பித்து, தங்களுக்கு ஷூ அனுப்பியிருப்பேன். அந்த ஷூவிடம் தாங்கள் திரும்பி வருவாயா என்று கேட்டிருக்கவும் மாட்டீர்கள்.

எங்கள் ஜில்லாவை எப்போதும் இப்படிச் சந்தேகப்பட்டதில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். 1860இல் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஆள் ஏற்றிப் போனது. 1903 முதல் ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கும் சென்னை வழியாகக் கப்பல் போனது. அதில் ஏறிய தென்னிந்தியர்களின் ஊர்க் கணக்கில், வேலூர் அப்போது அடங்கியிருந்த வட ஆர்க்காடு ஜில்லாவுக்கு முன்வரிசை. அதுவும் தற்காலிக வேலைதான், ஐந்து வருஷ ஒப்பந்தம். அப்போது யாரும் பட்டா கேட்கவில்லை. பேலன்ஸ் கேட்கவில்லை. நிலமில்லாதவனாகப் பார்த்துத்தான் தேடிப் பிடித்தார்கள். கரும்பு வெட்ட ஆள் வேண்டியிருந்தபோது எங்களிடம் ஒன்றும் இல்லாதது உங்களுக்குத் தகுதியாக இருந்தது. இப்போது அதே இல்லாமையைக் காட்டி எங்களைத் திருட்டுப் பயலைப் போலப் பார்க்கிறீர்கள்.

பிழைக்கப் போனவன் திரும்பி வராமல் போவது எப்படி என்று எங்களுக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டாம். 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட்டில், தோல் கழிவுத் தொட்டியின் சுவர் ராத்திரியில் இடிந்து விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து கொஞ்ச காலம் சம்பாதித்துப் போகலாம் என்று வந்தவர்கள். அவர்கள் பதனிட்ட தோல் கடல் தாண்டும், அவர்களால் ஊருக்குப் போக முடியவில்லை. தண்ணீர் கதையும் இதே தோல் கழிவுதான். கெடுத்தவனே பணம் கட்ட வேண்டும் என்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்புச் சொன்னது. பாலாற்றங்கரையில் கிணறு வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், தண்ணீர் இன்னும் பழையபடி ஆகவில்லை. ஷூ உங்களிடம் வந்துவிடுகிறது, தோல் பதனிடப் போட்ட குரோமியம் எங்களிடமே நிற்கிறது. தாயகத்தோடு அசைக்க முடியாத பிணைப்பு வேண்டுமென்றால் அந்தக் குரோமியத்துக்குக் கொடுங்கள் விசா. அது கட்டாயம் திரும்பி வரும்.

பொறுத்தருள்க. அம்மாவின் ஓ.டி. பஸ் வரும்வரை காத்திருக்கும் நேரத்தில் எழுதுகிறேன், சூடு ஏறிவிட்டது. தங்கள் கருணையைப் பாடுவதற்குத் திரும்புகிறேன்.

2024இல் ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 11 லட்சம் விண்ணப்பங்கள் போயின. சுமார் 1.65 லட்சம் மறுக்கப்பட்டன. கட்டணம் முதலில் 80 யூரோ, அந்த வருஷம் ஜூன் 11 முதல் 90. மறுத்தாலும் பணம் திரும்பாது. தாராளமாகக் கழித்துக் கணக்குப் போட்டாலும் ஒரு கோடி யூரோவைத் தாண்டும். இல்லை என்று சொல்வதற்கு இவ்வளவு சம்பாதிக்கும் தொழில் ஆம்பூரில் இல்லை. அம்மா அப்பரில் ஒரு தையல் கோணலாகப் போட்டால் அந்த ஜோடிக்குக் காசு கிடையாது. தங்கள் நாட்டுக் கம்பெனியின் ஆள் வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார். தாங்கள் போட்ட டிக்கை யார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது?

ஆகவே தங்கள் சமூகத்துக்கு மூன்று விண்ணப்பங்கள். நேர்காணல் வைக்காமல் மறுத்தால் கட்டணத்தில் பாதியையாவது திருப்பித் தாருங்கள். மறுப்பதற்கான காரணத்தை எனக்கென்று இரண்டு வரி எழுதுங்கள், குறையைச் சரிசெய்துகொள்ள வழி இருக்கட்டும். பயிற்சிக்கு அழைத்த தங்கள் நாட்டுத் தொழிற்சாலை, மூன்றாம் மாதக் கடைசியில் என்னைத் திருப்பி அனுப்பப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுமானால் அதை ஒரு சான்றாக ஏற்றுக்கொள்ளுங்கள். அதே தொழிற்சாலையின் கையெழுத்தை நம்பித்தான் எங்கள் கம்பெனிகள் கன்டெய்னர் அனுப்புகின்றன. பல லட்சம் ரூபாய்ச் சரக்குக்குப் போதுமான கையெழுத்து, ஒரு பையனுக்குப் போதாமல் போகுமா?

நான் கேட்டது குடியுரிமை இல்லை. தோலை அங்கே எப்படி வெட்டுகிறார்கள், லாஸ்ட் என்ற கால் அச்சை எப்படிச் செதுக்குகிறார்கள், ஒரு ஷூவின் விலையில் பெரும்பங்கு ஏன் அங்கேயே நின்றுவிடுகிறது என்று பார்த்துவிட்டு வருவதற்கு மூன்று மாதம். ஒருவேளை அந்தக் கடைசிக் கேள்விதான் தங்களுக்குச் சந்தேகத்தைக் கொடுத்ததோ என்னவோ. திரும்பி வருகிறவன் என்று ஒருவன் நிரூபிக்க வேண்டுமென்றால் அவன் முதலில் போக வேண்டும். போகவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் காலடியில் இருக்கும் பொருளைச் செய்பவரின் மகன்.

நகல்: அணைக்கட்டு, ஒடுகத்தூர், பள்ளிகொண்டா பக்கத்துப் பட்டதாரிகளுக்கு. மறுப்புப் படிவம் வந்தால் ஆத்திரத்தில் கிழித்துப் போடாதீர்கள். மேல்முறையீட்டுக்கு அது வேண்டும். எத்தனை நாளுக்குள், யாருக்கு எழுத வேண்டும் என்பது அதிலேயே சின்ன எழுத்தில் இருந்தால், கண்ணாடி போட்டுக்கொண்டு முதலில் அதைப் படியுங்கள்.